ஒரே வம்சத்து வெள்ளைக் குதிரைகள்

ஆவணி 8, ஞாயிறு இரவு

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் முருகன் காலையில் செம்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு வந்தார். தன் வெள்ளைக் குதிரைகள் இரண்டையும் ஜோடி சேர்க்கலாமா என்று முன்பே கேட்டிருந்தார். வால்முடியின் வேரை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். இரண்டும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா டாக்டரம்மா, சொந்தத்துல சேர்த்தாதானே அந்த வெள்ளை அப்டியே வரும்?"

"நிறம் வரும். கூடவே வம்சத்துல ஒளிஞ்சிருக்கிற கோளாறும் வரும். பேர்போன ரேஸ் குதிரைங்களுக்கே அதான் தலைவலி. வேற வம்சத்துல பாருங்க."

முருகன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் அப்புறம் வேலை ஓடவில்லை.

இதே பாடத்தை, கால்நடைக் கல்லூரியில் படித்த சூட்டோடு, தாம்பரம் ஸ்டேஷனில் ரவியிடம் சொல்லியிருக்கிறேன். ரவி என் அத்தை மகன். நான் பிறந்தபோதே அவனுக்கு என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பரீட்சை அட்டையில் குதிரைகளின் வம்சாவளியை வரைந்து காட்டி, சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்றேன். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். "நாம என்ன குதிரையாடி?" என்று சிரித்தான். மீதிக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, கூடுவாஞ்சேரி வண்டியில் ஏறிப் போனான். அந்த வறுகடலை வாசனை இன்றும் மூக்கில் நிற்கிறது.

சாயங்காலம் முருகன் போன் செய்தார். "வேற ஜோடி பாக்கறேன் டாக்டரம்மா. ஆனா இதுங்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு வுட்டு நிக்க மாட்டேங்குது. இன்னா பண்றது?"

"தனித்தனியா கட்டுங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்."

எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.