வாசலில் இருந்த ஒரு மணித்தியாலம்

அப்பா,

போன கிழமை, பழைய பீரங்கிகளும் படங்களும் வைத்திருக்கும் அந்த இராணுவ நூதனசாலைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பித்தளை மினுக்கும் பசையின் நெடி முகத்தில் அடித்தது. இதே நெடியோடு நீங்கள் வெளியே வந்த நாளை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அப்போது சண்டைக்காலம். நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது படங்கள் எல்லாம் போயின. உங்கள் இளமைக்காலத்துப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட வந்த காலத்தில் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து துறைமுகத்தில் பீரங்கியோடு நின்றவர் நீங்கள். உங்கள் படைப்பிரிவின் குழுப்படம் அந்த நூதனசாலையில் தொங்குகிறது என்று பழைய கூட்டாளி ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஆமிக் காம்புக்குள்ள இருக்கிற இடம் அப்பா. தமிழர் எண்டு பொலிஸில பதிஞ்ச துண்டோட திரியிற ஆக்கள் நாங்கள். விசரே உங்களுக்கு?” என்றேன்.

“நானும் ஒரு ஆமிக்காரன்தானேடா,” என்று சிரித்தீர்கள்.

வாசலில் நின்ற சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். உங்களுடையதிலும் அதேதான். ஆனால் உங்களுக்கு எழுபது தாண்டியிருந்தது.

“சீயா போங்க,” என்று சிங்களத்தில் உங்களைத் தாத்தாவாக்கினான். “மகன் இங்க நில்லுங்க.”

நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

“நீ இதில இரு தம்பி. ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறன்.”

ஒரு மணித்தியாலம். என் அட்டை அவன் சட்டைப்பையில். அவன் துப்பாக்கி என் முழங்காலுக்கு நேரே. இன்னொருவன் தொலைபேசியில் என் பெயரை யாருக்கோ வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இரண்டு பெடியங்களை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் போனீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் முகம் மலர்ந்திருந்தது. “தம்பி, மூண்டாம் வரிசையில...” என்று தொடங்கினீர்கள்.

“எனக்குத் தேவையில்லை,” என்றேன்.

பிறகு நீங்கள் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உங்களை மன்னித்ததாகிவிடும் என்று ஒரு வீம்பு. நீங்கள் சாகும்வரை, ஏழு வருடம், ஒரே மேசையில் அந்த வீம்போடு சாப்பிட்டேன்.

போன கிழமை ஒருவரும் அட்டை கேட்கவில்லை. நேரே படத்தடிக்குப் போனேன். மூன்றாம் வரிசையில் பதினொரு பேர். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒட்டிய கன்னம், வெயிலுக்குச் சுருக்கிய கண். கீழே பெயர்கள் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே உங்களுக்கு வழுக்கை விழுந்து கண்ணாடியும் ஏறியிருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்தேன். திரும்பவும் முதலில் இருந்து பார்த்தேன்.

அங்கே காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் பக்கத்தில் வந்து சிங்களத்தில் கேட்டான். “தெரிந்த ஆளா, அங்கிள்?”

“என் அப்பா.”

“எவர்?”

இடப்பக்கத்திலிருந்து நாலாவது ஆளைக் காட்டினேன். அவன் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

“மூக்கு அப்படியே இருக்கிறது,” என்றான்.

கோபம் ஆறவில்லை, அப்பா. அந்த வாசலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் உங்களை நினைத்ததும் அந்த நாலாவது ஆள்தான் தொப்பியோடு வந்து நிற்கிறார். அவர் நீங்கள்தானா என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.