பாலைவனத்திலிருந்து நீ அனுப்பிய வவ்வால்

மணலுக்குள் இருக்கும் என் அண்ணே,

நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. நீ இறந்த செய்திக்குப் பிறகு வந்தது.

உன்னோடு இன்சீன் ரயில் பட்டறையிலிருந்து பஸ்ரா பாலைவனத்தில் ரயில் போடும் வேலைக்குப் போன தங்கராசு கொண்டுவந்தான். அம்மா ஊறுகாய் போட்டுக் கொடுத்த அதே சீசா. உள்ளே சாராயத்தில் ஒரு வவ்வால். வெளிறிய மணல் நிறம். மூக்கின்மேல் இலைபோல் ஒரு தோல். அதன் உச்சி மூன்று முனையாகப் பிரிந்திருந்தது.

"பாழுங்கிணத்துல பிடிச்சான். தம்பி காலேஜ்ல இதெல்லாம் படிக்கிறான், அவனுக்குன்னான். காய்ச்சல்லயும், சீசாவ உடைச்சிடாதீங்கடான்னு எங்களத் திட்டினான்."

பிறகு, உன்னை எரிக்க அங்கே விறகு கிடைக்கவில்லை என்றான். மணலில் புதைத்தார்களாம். அம்மா அப்போதுதான் அழுதாள்.

இங்கே ரங்கூனில் மழை விடவில்லை. தெருமுனையில் விழுந்த மரம் அப்படியே மக்கிக் கிடக்கிறது. ஒரு மனிதனை எரிக்க விறகில்லாத ஊர் எப்படி இருக்கும், அண்ணே?

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் ஆள் கட்டி எரிப்பது வழக்கம். வெறும் புல்லை எரிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. வவ்வாலை அந்தப் புல் ஆளின் நெஞ்சில் வைக்க வேண்டும் என்றாள்.

"அவன் கையால தொட்டது இது ஒண்ணுதான்டா வந்திருக்கு."

எனக்கென்று நீ அனுப்பியதும் இது ஒன்றுதான். ஆனாலும் சீசாவை நானே சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனேன்.

பூசாரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டென்று கீழே வைத்தார்.

"தாயி, இது மூக்குல சூலம் இருக்கு. சூலத்தத் தீயில போட்டா குடும்பத்துக்கு ஆகாது."

"வவ்வாலுக்கு ஏதுய்யா சூலம்?"

"நீயே பாரு."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "ஒரு சாமானாச்சும் ஒழுங்கா அனுப்பத் தெரியுதா இவனுக்கு" என்றாள். சீசாவை என்னிடம் நீட்டினாள்.

அப்பா இல்லாத வீடு. கொள்ளி வைத்தது நான்தான். மந்திரம் முடியுமுன் தர்ப்பை எரிந்து தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று அம்மா கேட்டாள். பூசாரி சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

சீசாவைக் காலேஜில் காட்டினேன். பாலைவனத்து ஜாதி, ரங்கூனில் தான் பார்த்ததே இல்லை என்றார் என் ஆசிரியர். இடிந்த கட்டடங்களிலும் கிணறுகளிலும் தங்கும். அதற்குமேல் புத்தகத்தில் அதிகம் இல்லை. மண்டையோட்டை எடுத்துப் பல்லைப் பார்த்தால்தான் பெயர் உறுதியாகுமாம். உதவியாளர் அறுத்துத் தருவார் என்றார். வேண்டாம், நானே அறுக்கிறேன் என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அறுத்தா வலிக்காதுல்ல?"

"செத்ததும்மா."

"தெரியும். கேட்டேன்."

களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "குளிச்சிட்டுப் போ" என்றாள்.

நாளைக் காலை குளித்துவிட்டுப் போவேன், அண்ணே. வேறு யார் கையும் அதன்மேல் படாது.

உன் ஒரே தம்பி