வெஸ்டாவில் ஓமத் தண்ணீர்

நிலைய நாள் 212, காலை

மருத்துவ உதவியாளர் பயிற்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காரணம், என் இரத்தத்தில் இருக்கும் மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. தினம் ஒரு மாத்திரை போடுகிறேன். சோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. இப்படி இருப்பவர் ஊசி போடலாம், கத்தியும் பிடிக்கலாம் என்று பயிற்சி விதியிலேயே இருக்கிறது. சேரும்போதே மறைக்காமல் சொன்னேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பேச்சிமுத்து. வெஸ்டா சிறுகோளின் சுரங்க நிலையத்தில் கடை வைத்திருக்கிறேன். காற்று வடிகட்டி முதல் கடலைமிட்டாய் வரை கிடைக்கும். ஒரு பயணத்தில் என் கூட்டாளி, மருந்து இருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லாமல், என் கண்முன்னே செத்தான். அன்றைக்குத்தான் படிப்பது என்று முடிவெடுத்தேன். இறுதித் தேர்வு மட்டும் பாக்கி.

காற்றழுத்தம் சரி. கடை திறந்தாயிற்று.

நாள் 212, மாலை

நீக்கியவர் தலைமை மருத்துவர் ஞானதிரவியம். நிலையம் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அப்படியே எழுதுகிறேன்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கடைக்காரர் பேச்சிமுத்துக்கு ரத்தத்துல கிருமி இருக்கு. இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டாரு. வே அண்ணாச்சி, சரக்கு விக்கிற கைக்கு எதுக்கு வே கத்தி? பொட்டலம் மடியும், போதும்."

பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

அறுவை அறைக் கதவு, பதிந்து வைத்த கைகளுக்கு மட்டுமே திறக்கும். என் கையை அழித்துவிட்டார். இனி அது அவருக்கும், என்னோடு படிக்கும் நூர்ஜஹானுக்கும்தான் திறக்கும்.

சாயங்காலம் சாமான் வாங்க வந்தவர்கள், நான் நீட்டியதைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஒரு முகத்தையும் மறக்கவில்லை.

நாள் 219, காலை

பக்கத்து நிலையத்தில் சுரங்கம் சரிந்துவிட்டது. காயம்பட்டவர்களைப் பார்க்க, எங்களிடம் இருந்த ஒரே கப்பலில் நூர்ஜஹான் போகிறாள். வழியிலிருந்து அழைத்தாள்.

"அண்ணாச்சி, திரும்ப ஒரு வாரம் ஆகும். அந்த மனுசன்கிட்ட வம்பு வச்சுக்காதீங்க. நான் வந்து பேசுறேன்."

"நீ பேசி அவரு கேக்கவா? பத்திரமா போயிட்டு வா தாயி."

நாள் 220, பகல்

ஞானதிரவியம் கடை இணைப்பில் அழைத்தார்.

"வயித்துல வாயு வே. தொப்புள்கிட்ட புடுங்குது. ஓமத் தண்ணி இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"ஆள்கிட்ட குடுத்து விடும். நீரு தொடாத பாட்டிலா பாத்து."

தொடாத பாட்டிலாகவே அனுப்பினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் வாயுதான். டாக்டருக்கே படித்தாலும், சொந்த வயிறு என்று வந்துவிட்டால் ஓமத் தண்ணீர்.

நாள் 221, காலை

மறுபடியும் ஓமத் தண்ணீர் கேட்டார். கடைக் கண்ணாடி வழியாக அவர் நடைபாதையில் போவதைப் பார்த்தேன். குனிந்து, வலது அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, காலை இழுத்து நடந்தார். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியிருக்கிறது. குடல்வால் வீக்கம். எனக்கு அவரே நடத்திய பாடம்.

சொல்லியிருக்கலாம். இரண்டு பாட்டில் அனுப்பினேன்.

நாள் 222, காலை

மறுபடியும் ஞானதிரவியம் அழைத்தார்.

"அண்ணாச்சி... இது வாயு இல்ல. குடல்வால்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"நேத்து காலைலேருந்து."

"நீரு மனுசனா வே?"

"பொட்டலம் மடிக்கிறவன்."

"நூர்ஜஹான் வாரதுக்குள்ள வெடிச்சிரும். கதவுல உம்ம கையைப் பதிஞ்சிருதேன். வாரும்."

"வெல பேசலையே டாக்டர்."

இணைப்பைத் துண்டித்தேன்.

நாள் 222, பகல்

அவரே திரும்ப அழைத்தார். விலையாக மூன்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். நான் எதையும் குறைக்கவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது அவருக்குத்தான்.

கதவு திறந்துவிட்டது. அறுவை அறை எந்திரம் வழி காட்டும்; கத்தி பிடிப்பது என் கை. பொம்மை உடலில் பலமுறை செய்திருக்கிறேன். மனித உடலில் இதுவே முதல். கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். உள்ளே இருப்பது கோபமா பயமா, தெரியவில்லை.

அவர் பிழைக்காவிட்டால் கொலை என்பார்கள். சொல்லட்டும். நூர்ஜஹான் என்ன சொல்வாள் என்று மட்டும்...

வேண்டாம். ஒப்புக்கொண்ட விலையை எழுதிவிட்டு உள்ளே போகிறேன்.

ஒன்று, பேச்சிமுத்துவால் நோயாளிக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தேதான் நீக்கினேன் என்று ஒலிபெருக்கியில் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது, இந்த அறுவையே என் இறுதித் தேர்வு. அவர் பிழைத்தால் நான் தேறினேன்.

கடைசியாக, முழு மயக்கம் கிடையாது. வயிறு மரத்துப்போக முதுகில் ஊசி மட்டும். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி. முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை அவர் என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை மூடினால், திறக்கும்வரை என் கை நிற்கும்.