செக் ஷீட்டில் நாளைய டிக்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மனைவி மல்லிகாவுடன் டாக்டரிடம். காரணம் முட்டிவலி இல்லை, மானம். போன வாரம் படப்பையில் மகள் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவதிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். சம்பந்தி, என்னைவிட ஐந்து வயது பெரியவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "குந்துங்க சம்பந்தி, குந்துங்க."

30ஆம் தேதி அங்கே மகளுக்கு வளைகாப்பு. அந்த நாற்காலியில் இனி உட்கார மாட்டேன்.

டாக்டர் (சின்னப் பெண்): "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி பவர் ஹவுஸ் இருக்கு சார். வயசானா டல்லாகும். நடந்தா, தசைக்கு வேலை குடுத்தா, இந்த வயசுலயும் தேறும்."

ஒரகடம் கம்பெனியில் பதினாறு வருடம் ஜெனரேட்டர் பார்த்தவனிடம் சொல்கிறாள்!

நவ. 4

கம்பெனியில் போட்டது மாதிரியே செக் ஷீட் தயார்: நாளுக்கு ஒரு கட்டம், செய்து முடித்தால் டிக். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாச்சு. நடை 30 நிமிடம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, 10 தடவை. படி ஏறி இறங்குவது.

மல்லிகா: "கோடு போடவே அரை நாளு. அதுக்குள்ள நடந்துட்டே வந்திருக்கலாம்."

நவ. 8, சனி

நாள் முழுக்க மழை. மாட்டிக்கொண்டேன்.

மல்லிகா: "தெருவுல முட்டிக்கால் தண்ணி நிக்குது. இன்னிக்கு எங்க நடந்தீங்க?"

ஷீட்டை மறைத்துக்கொண்டு நின்றேன்; என்னை விலக்கிவிட்டு டிக்குகளைப் பார்த்தாள்.

"அது போவட்டும். நாளைக்கும் நடந்துட்டு வந்துட்டீங்களே, இன்னாங்க இது?"

கம்பெனியில் ஆடிட் என்றால் வாரம் முழுவதற்கும் ஒரே பேனாவில் டிக் அடித்த கை. பழக்கம். பேனா பறிமுதல்.

நவ. 16, ஞாயிறு

ஏரிக்கரை. நான் நடக்க, அவள் மதகில் உட்கார்ந்து எத்தனை தடவை போய் வருகிறேன் என்று எண்ணுகிறாள். கையில் பேனா, மடியில் வேர்க்கடலை. நீயும் வாயேன் என்றேன். "நானும் நடந்தா யாரு எண்றது?" நியாயமாகத்தான் பட்டது.

தொடை வலி. எந்தப் பவர் ஹவுஸிலும் விளக்கு எரிவதாகத் தெரியவில்லை.

நவ. 25

கை ஊன்றாமல் பத்து! யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு. நாலு பேரிடம் சொன்னேன்.

நவ. 30, ஞாயிறு

ஏறிவிட்டேன். இரண்டாவது மாடியில் நாற்காலி தயாராக இருந்தது, துண்டு வேறு விரித்து. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மகள்: "அம்மா எங்கப்பா?"

எட்டிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் மல்லிகா. மடியில் வளையல் தட்டு, முகமெல்லாம் வேர்வை. இறங்கி ஓடினேன்.

"எனக்கு யாரு ஷீட்டு ஒட்டினாங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாதமாக ஒருநாள்கூட அவள் கால் என் நினைவுக்கு வரவில்லை.

தட்டை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு மூச்சு அடங்கும்வரை நின்று, மெதுவாக ஏறினோம்.

டிச. 1

வானம் வெளுத்திருக்கிறது. ஃபிரிட்ஜில் இரண்டாவது ஷீட் ஒட்டினேன். பெயர்: மல்லிகா. எல்லாக் கட்டமும் காலி. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பேனா எங்கே என்றேன்.

"நடந்துட்டு வந்து தேடிக்கலாம், வாங்க."