சுவருக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்

என் பிரியத்துக்குரிய மச்சான் செல்லையாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போகிறவன் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகவேண்டாமா? காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, "ஸ்பீக்கர் மேல இருக்க கல்லை எடுத்துராத மச்சான், நல்லா காயட்டும்" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஒரு மனிதன் கடைசியாகப் பேசுகிற பேச்சா அது?

அந்த ஸ்பீக்கரால் இங்கே என்னென்ன நடந்தது தெரியுமா? உன்மேல் எனக்குக் கோபம்தான். சொல்லித் தீர்க்காமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ரேடியோவை யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது, அந்தக் குறுக்கு யோசனையைச் சொன்னவன் நீ. ஒட்டிக் கட்டிய குவார்ட்டர்ஸ், நடுவில் ஒரே சுவர். ரேடியோ என் வீட்டில் இருக்கட்டும், சுவரில் ஓட்டை போட்டு ஒயரை விட்டு உன் வீட்டில் தனியாக ஒரு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றாய். கம்பெனிச் சுவரில் ஓட்டை போட்டால் மெமோ வருமே என்று எனக்கு நடுக்கம். நீயோ ஓட்டைமேல் முருகன் காலண்டரை மாட்டிவிட்டு, இனி எவன் வந்து தூக்கிப் பார்க்கப்போகிறான் என்று சிரித்தாய்.

திருகுவது நான், கேட்பது ரெண்டு வீடும். திருச்சியா சிலோனா என்று நமக்குள் நடக்காத சண்டையா? கடைசியில் சுவரையே பேசவைத்தோம். ஒரு தட்டு தட்டினால் ஸ்டேஷனை மாற்று, ரெண்டு தட்டு என்றால் சத்தத்தைக் கூட்டு. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் நான் ரேடியோவைப் போடுவேன். உன் பக்கத்திலிருந்து ரெண்டு தட்டு வந்தால் நீ எழுந்துவிட்டாய் என்று சைக்கிளை வெளியே எடுப்பேன்.

ஐப்பசி ஈரத்தில் ஊறி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு விளிம்பில் கிழிந்தது. பாட்டெல்லாம் கரகரத்தது. அங்கேதான் நீ உன் வேலையைக் காட்டினாய். நாம் ரெண்டு பேரும் மைன்ஸில் பெல்ட் ஒட்டுகிறவர்கள். மண்ணையும் கரியையும் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட் கிழிந்தால் உரசி, சொல்யூஷன் பூசி, பாரம் வைத்து அழுத்தவேண்டும். ஒட்டு இம்மிகூட அசையக்கூடாது, அசைந்தால் பெல்ட் போயிற்று. ஸ்பீக்கருக்கும் அதையே செய்தாய். விளிம்பு முழுக்கப் பெல்ட் சொல்யூஷன், அதன்மேல் ரப்பர் வார், அதன்மேல் தட்டைக் கவிழ்த்து அம்மிக்குழவி. இனி யானை இழுத்தாலும் வராது என்றாய். மறுநாள் உனக்குக் காய்ச்சல்.

உன் கருமாதி முடிந்து கொஞ்ச நாள் ரேடியோவை நான் தொடவில்லை. அப்புறம் ஒரு காலையில் மெல்லப் போட்டேன். துக்க வீட்டுக்குப் பாட்டு எதற்கு என்கிறாயா? சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்று உன் வீட்டில் தங்கச்சி சொர்ணத்துக்குத் தெரியட்டும் என்றுதான். சத்தத்தைக் கூட்ட மனம் துணியவில்லை. ஒரு தட்டாவது வருமா என்று காத்திருந்தேன். வரவேயில்லை. வாசலில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் தினமும் போட்டேன், மெல்ல.

இதற்குள் கோவில்பட்டியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் கையில் நிற்கும், பிள்ளைகள் படிப்பும் இங்கேயே தொடரும். அண்ணனோ, இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். தங்கச்சி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

என் பெண்டாட்டி கோகிலா போய்த் தடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சொர்ணம் சொன்னதை அப்படியே சொன்னாள்: "அவுக போனதும் உங்க வீட்டு அண்ணன் ஒயரைப் பிடுங்கிட்டாக மதினி. சரி, நமக்கு இனி இங்க ஒண்ணுமில்லன்னு என்னையே தேத்திக்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைகூடப் போடாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். ஒயர் மாட்டியது மாட்டியபடியேதான் இருந்தது. பெட்டியைக் கழற்றி ஸ்பீக்கரின் காகிதத்தை விரலால் அமுக்கினேன், அசையவில்லை. அது முன்னும் பின்னும் துடித்தால்தானே மச்சான் சத்தம் வரும்? உன் ஒட்டு வறட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. கோகிலாவிடம் ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டுக் காதை ஒட்டிவைத்தால் உள்ளே ஒரு கொசு பாடுகிறது. நீ சொன்னபடி நன்றாகக் காயவிட்டு, கல்லை எடுத்து, தங்கச்சிதான் அதைப் பெட்டிக்குள் பொருத்தியிருக்கிறாள். அடப்பாவி, உன் பெண்டாட்டியை ஊரைவிட்டே கிளப்பப் பார்த்ததே உன் கைவேலை!

"தெனம் போட்டுகினுதாம்மா இருந்தேன்," என்றேன் அவளிடம். "நீ தட்டலயேன்னுதான் சத்தத்த ஏத்தல."

அதுவரை என் எதிரில் அழாதவள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டைப் பிரித்தோம். பெட்ரோல் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, பிளேடால் நீவி எடுத்தேன். ரப்பரோடு விளிம்பும் கந்தலாக வந்துவிட்டது. பழக்கதோஷம், நானும் ஒரு ரப்பர் வாரை வெட்டப் போனேன். தங்கச்சி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

"ரவிக்கைக்குக் கக்கத்துல துண்டு வச்சுத் தைக்கதில்லையாண்ணே? இல்லைன்னா கையைத் தூக்க முடியாதுல்லா?"

உன் பழைய வேட்டியில் நைந்த இடமாகப் பார்த்து, குறுக்குவாட்டில் ஒரு வார் கிழித்தாள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனைத் தீக்குச்சி முனையால் ரெண்டு ஓரத்திலும் மட்டும் தடவி, நடுவில் தொளதொளவென்று விட்டு, வட்டமாக ஒட்டிக்கொண்டே வந்தாள். ஊருக்குப் போகிற நேரத்தில் இதென்ன வேலை என்று அண்ணன் முனகினார். வேலைக்குச் சேர்கிறாளா, ஊருக்குப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது மச்சான்.

மறுநாள் காலை சங்குக்கு முன்னால் ரேடியோவைப் போட்டேன், எப்போதும்போல் மெல்ல. நாகஸ்வரம். நானும் கோகிலாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உன் வீட்டில் பாத்திரச் சாக்கு கட்டியபடியே கிடந்தது எனக்குத் தெரியும். ஒரு தட்டு கேட்டது. ஐயோ, நாகஸ்வரம் வேண்டாம் என்கிறாளோ என்று குமிழில் கை வைத்தேன். திருகுமுன் இன்னொரு தட்டு.

கூட்டினேன். பிளாக் முழுக்கக் கேட்கட்டும் என்று கூட்டினேன். சங்கு ஊதியதுகூட எங்கள் காதில் விழவில்லை.

அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் தனியாகத்தான் ரயிலேறினார். தங்கச்சி இப்போது கம்பெனி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். வேட்டித்துணி ஒட்டு நன்றாகத்தான் நிற்கிறது. சிலோன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் அவள் உன்னையே மிஞ்சிவிட்டாள். கோபம் தீர்ந்ததா என்று கேட்காதே. சீக்கிரம் போனதற்கான கோபம் எப்படித் தீரும்?

ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்பு. இனி ஒரு காலையில் தட்டு வராவிட்டால், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுந்துபோய் உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் மச்சான்,
தணிகாசலம்