செபம் என்று நினைத்துத் தந்த தாள்

என் அருமை அலோசியஸ், அடேய் படுபாவி,

‘அருமை’ என்று எழுதிவிட்டு, அதை வெட்டவா விடவா என்று பத்து நிமிடம் யோசித்தேன். இருக்கட்டும். செத்தவனோடு சண்டை பிடிக்கும்போதும் ஒரு மரியாதை வேண்டாமா?

முதலில் புதினங்கள். ஆசிரியர் அறையில் உன் கதிரையில் இன்னும் ஒருவரும் உட்காரவில்லை. அன்பினால் என்று நினைத்துவிடாதே. அதன் பின்கால் ஆடும் என்று நீதான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாய். உன் இடத்துக்கு வந்த சமயபாட ஆசிரியர் கிற்றார் வாசிக்கிறார். பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது. உனக்கு வயிறெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒட்டுக்கேட்கிறவர்களுக்காக எங்களைப் பற்றி இரண்டு வரி. ஸ்டுட்கார்ட்டில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே இரண்டு தமிழ் ஆசிரியர்கள். நீ மன்னார்க் கத்தோலிக்கன், ஒரு பெட்டைக்காகக் குருமடத்தை விட்டோடி வந்து சமயம் படிப்பித்தவன். நான் யாழ்ப்பாணத்துச் சைவன், சரித்திரம் படிப்பிக்கிறவன். அதுவும் என்ன சரித்திரம்! ஒன்பதாம் வகுப்பு ஜேர்மன் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில், அமெரிக்காவின் குடியேற்றக் காலமும் புரட்சியும். “நீங்கள் அமெரிக்காவில் எத்தனை வருடம் இருந்தீர்கள்?” என்று பெற்றோர் கேட்பார்கள். “போதிய காலம்” என்பேன். விமானத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கூட அந்த நாட்டை நான் கண்டதில்லை.

அந்தப் பாடத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு விளையாட்டு. வகுப்பில் பாதிப் பேர் புரட்சிக்காரர், மீதிப் பேர் இங்கிலாந்து அரசனின் பக்கம் நின்றவர்கள். முத்திரை வரி வாங்க ஓர் அதிகாரி வருவான். புரட்சிக்காரர் அவனைப் பிடித்து மேசையில் ஏற்றி, கழுத்தில் காகித மட்டையைத் தொங்கவிட்டு, “ஃபெரேட்டர்!” என்று கத்துவார்கள். ஜேர்மனில் துரோகி; மட்டையிலும் அதே சொல்தான். அந்தக் காலத்தில் இப்படிப் பிடிபட்டவனுக்குத் தார் பூசி இறகு ஒட்டுவார்கள். எங்களிடம் தாருக்கு ஒரு கறுப்புப் போர்வை, இறகுக்கு என் வீட்டுத் தலையணை.

அந்த அதிகாரி நீ. நானா கேட்டேன்? விளையாட்டைத் தொடங்கிய முதல் வருடம் ஆள் கிடைக்காமல் நான் அலைந்தபோது நீயாகத்தான் வந்தாய். அரசனுக்கு விசுவாசமாய் இருந்தவர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாரம் அது.

“என்னைப் போடு மச்சான். எனக்கொண்டும் புதுவேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை விசுவாசி, திங்கக்கிழமை உன்ரை வகுப்பிலையும் விசுவாசி.”

ஏழு வருடம் அந்த முக்கோணத் தொப்பியைப் போட்டாய். ஒவ்வொரு வருடமும் மேசையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாய். லண்டனிலிருந்து வந்த வரியதிகாரி கும்பிட்ட கதை எந்தப் புத்தகத்திலடா இருக்கிறது என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன இலையுதிர் காலத்தில் அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டார். என் பாடமுறை பற்றி ‘ஒரு கவலை’ வந்திருக்கிறதாம். வருகிற கல்வியாண்டிலிருந்து அமெரிக்கப் பாடத்தை எங்களோடு படிப்பிக்கிற ஃபிராவ் கிளைன் எடுப்பாராம். யார் கவலைப்பட்டது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். பதினெட்டு வருடம் நான் தூக்கி வளர்த்த பாடம், அலோசியஸ். நேரே உன்னிடம்தான் ஓடிவந்தேன்.

“ஆரோ போட்டுக் குடுத்திட்டினம் மச்சான்.”

நீ கோப்பியை ஊதினாய். “எனக்கென்ன தெரியும்? பாடம் ஆருக்குப் போகுதெண்டு பாரன்.”

“கிளைனோ?”

“நான் சொல்லேல்லை. நீ சொல்லுறாய்.”

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு நான் அந்தப் பெண்மணியை என்ன பாடு படுத்தினேன் என்று கேள். அவர் மேலே வந்தால் நான் வேறு படியால் கீழே இறங்கினேன். பிறந்தநாளுக்கு அவர் சுட்டுக்கொண்டு வந்த பிளம்ஸ் கேக்கை, சீனி வருத்தம் என்று சொல்லி மறுத்தேன். மறுநாள் நான் ஜாம் பணிஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவதை அவரே கண்டார். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கேக்கில் இரண்டு துண்டும் சாப்பிட்டாய்.

மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். ஆசிரியர் அறையில் நான் குழறி அழுதபோது கிளைன் கைத்துடைப்பான் நீட்டினார். உன் சாவிலும் அதை வாங்கவில்லை, சட்டைக் கையால் துடைத்தேன். பார், உனக்கு நான் எப்படிப்பட்ட விசுவாசி!

உன் மேசை லாச்சியைத் துப்பரவு பண்ணியது அதிபர். ஒரு தாளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, பூப்போல ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பாருங்கள், எவ்வளவு அழகான எழுத்து! மேலே சிலுவை போட்டிருக்கிறார். கடைசியாக எழுதிய செபமாகத்தான் இருக்கவேண்டும். நினைவுக் கூட்டத்தில் இதை உங்கள் மொழியில் வாசித்து மொழிபெயர்ப்பீர்களா?”

நாங்கள் பிள்ளையார் சுழி போடுவதுபோல, நீ எதை எழுதினாலும் உச்சியில் ஒரு சிலுவை போடுவாய். மீன் வாங்கும் சீட்டில்கூடப் போடுவாய். அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுத்தான் தாளைப் படித்தேன்.

‘மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு’ என்று தொடங்கியது உன் செபம். கஷ்டமான கடிதங்களை முதலில் தமிழில் எழுதிவிட்டு ஜேர்மனுக்கு மாற்றுவது எங்கள் இருவரின் வழக்கம். அந்தத் தமிழ்ப் பிரதி அது. குமாரன் நல்ல ஆசிரியர் என்று எழுதியிருந்தாய், நன்றி. ஆனால் பிள்ளைகளைக் கொண்டு ஒரு மனிதனின் கழுத்தில் மட்டை தொங்கவிடுகிறார், புரட்சியைப் படிப்பிக்க அது தேவையில்லை, இந்தப் பாடத்தை வேறொருவர் எடுப்பது நல்லது என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரி: ‘நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.’

தெரிய வேண்டாம்! பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, என் பேனையால் எழுதியிருக்கிறாய். அந்தப் பச்சை மையை எனக்குத் தெரியாதா?

கூட்டத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் உன் மனுசி றஞ்சி. ஒரு செபத்தைக் கட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம், தேவாரத்தில் இரண்டு வரி பாடினாலும் அதிபருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மேடையில் ஏறியதும் எனக்கு விசர் பிடித்தது. உன் முறைப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்தேன், ஒரு கமா விடாமல், கோயிலில் வாசகம் வாசிக்கிற இராகத்தில். விளங்கியது றஞ்சிக்கு மட்டும்தான். குனிந்திருந்தவர் கடைசி வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இனி ஜேர்மனில்” என்றார் அதிபர்.

மொழிபெயர்த்தால் நான் நாறுவேன், நீயும் நாறுவாய். “இது செபம் அல்ல” என்றேன். “என் வகுப்பில் இனி ஒருவரின் கழுத்திலும் மட்டை தொங்கவேண்டாம் என்று அலோசியஸ் கேட்கிறார்.” அதிபரின் முகம் சிவந்ததைப் பார்த்திருக்கவேண்டும் நீ.

வெளியே றஞ்சி என் கையைப் பிடித்தார்.

“குமாரண்ணை, அவர் உங்களிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்.”

“என்னத்தைத் தங்கச்சி?”

“தமையன்ரை கதையை. இயக்கப் பெடியள் சுட்டு, லைற் போஸ்ற்றிலை கட்டி, துரோகி எண்டு மட்டை தொங்கவிட்டிருந்தவங்கள். இவர்தான் போய் அவிழ்த்தவர். அப்ப இவருக்குப் பதினேழு வயசு. உங்கடை வகுப்புக்கு வந்த நாளிலை வீட்டை வந்து சாப்பிடமாட்டார், அண்ணை.”

தமையன் பிரச்சினையில் செத்தவர் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தாய். சரி, நான் குருடன். பள்ளிக்கூடம் போகிற வழியில் அப்படியொரு கம்பத்தை நானும் கண்டவன்தான். கண்டுவிட்டு, கடல் தாண்டி வந்து, அதையே பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கி, கைதட்டலும் வாங்கினேன். அதற்கு நீ என்னைச் செருப்பால் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

ஆனால் ஏழு வருடத்தில் ஒருமுறை, “வேண்டாமடா” என்று ஒரு சொல்? அந்தத் தொப்பியை ஏன் நீயாக வந்து கேட்டாய்? என்னிடம் தமிழில் சொல்ல ஏலாததை அதிபரிடம் ஜேர்மனில் சொல்ல எப்படி வாய் வந்தது? எனக்குப் பயந்தாயா? இவனும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று நினைத்தாயா? அப்படியென்றால் இத்தனை வருடமும் யாரோடு கோப்பி குடித்தாய்?

கிளைனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் ஒதுங்கித் திரிந்ததை அவர் இவ்வளவு நாளும் ஏதோ இந்து விரதம் என்று நினைத்து மரியாதையாக விலகியிருந்தாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

பாடத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அதிபர் சொன்னார். வாங்கிக்கொண்டேன். ரோசம் பார்த்து மறுப்பேன் என்று எதிர்பார்த்தாயா? மேசையும் மட்டையும் இனி இல்லை. அரசன் பக்கம் நின்ற குடும்பங்கள் வீடு வாசலை விட்டு, ஒரு பெட்டியோடு கப்பலேறிக் கனடாவுக்கு ஓடின கதை இருக்கிறதே, அதை இரண்டே வரியில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இனி அதற்கு ஒரு முழுப் பாடவேளை. அகதியாய்க் கனடாவுக்குப் போவதைப் பற்றி ஒரு யாழ்ப்பாணத்தானுக்குப் பாடக்குறிப்பு தேவையில்லை.

உன் தமையனின் கதையை இங்கே எழுத றஞ்சி சம்மதம் தந்தார். உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதச் சொன்னார். அதை எழுத எனக்கு ஏலாது. இன்னும் இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். உன்னில் எனக்கொரு குறை இருந்தால் றஞ்சியிடமோ கிளைனிடமோ வேறு ஒருவரிடமோ முதலில் போகமாட்டேன். உன்னிடமே வந்து, உன் பெயரைச் சொல்லி, தமிழிலேயே சொல்லுவேன். இது முதலாவது.

கோபம் ஆறாத உன் மச்சான்,
குமாரன்