பன்னீர் சோடா குடித்த லேப்டாப்

என் அன்பு ஜெயசீலி அண்ணிக்கு,

முதலில் என்னைத் திட்டி முடித்துவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் பன்னீர் சோடாவைக் கொட்டியது நான்தான். பூனை தட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம் கடைக்குள் எந்தக் காலத்தில் பூனை வந்தது என்று அம்மா இன்றுவரை கேட்கவில்லை.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. தாலுகா ஆபீஸ் சந்தில் நம் ஜெராக்ஸ் கடையை இப்போது நான் ஒருத்தியாகத் திறந்து மூடுகிறேன். ஜெராக்ஸ் ஓடுகிறது, லேமினேஷன் ஓடுகிறது. மனு எழுதத்தான் ஆள் இல்லை. "தமிழ் டைப்பிங் கத்துக்க கண்ணு" என்று நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டபோதெல்லாம், "அதான் நீங்க இருக்கீங்கள்ல" என்று சொல்லியே நான்கு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது 'ழ' எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதற்குள் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் அது நடந்தது. வழக்கம்போலக் கரண்ட் போய்விட்டது. அந்த லேப்டாப்பை நீங்கள் பழசாக வாங்கியதே இந்தக் கரண்ட் கட்டுக்காகத்தானே? சந்து முழுக்க ஆட்கள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நம் கடையில் மட்டும் நீங்கள் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். அதே மாதிரி நானும் தட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தொண்டை வறண்டது. எதிர்க் கடையில் பன்னீர் சோடா வாங்கி வந்து, மேஜை மேலேயே வைத்து, கோலியை அமுக்கினேன். பாதி பாட்டில் நுரையாகப் பொங்கிப் பட்டன்களுக்குள் இறங்கிவிட்டது.

மேஜையில் தண்ணீர் டம்ளர்கூட வைக்க விடமாட்டீர்கள். தெரியும். சொல்ல வேண்டாம்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததெல்லாம் இன்னும் மோசம். துணியால் துடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று உடனே ஆன் செய்து பார்த்தேன். ஒருமுறை வெளிச்சம் வந்தது, பிறகு கறுத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா, "வெயில்ல வச்சா சரியாப் போயிரும்" என்று மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பட்டன் சந்துகளிலிருந்து எறும்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. வடகத்தில் ஓர் எறும்பு இல்லை, அண்ணி. அத்தனையும் லேப்டாப்பில்.

ரிப்பேர்க்காரர்கள் கதையைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருப்பவர் மோந்து பார்த்துவிட்டு, "போர்டே போச்சும்மா, புதுசு வாங்கிக்கங்க" என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொருவர், "கீ போர்டு மட்டும்தான், ரெண்டு நாள்ல தாரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் என்னை நடக்கவிட்டார். ஒவ்வொரு தடவையும் "செத்த நேரம் இருங்கக்கா" என்பார். கடைசியில் ஒரு ஸ்க்ரூ குறைவாக, அப்படியே திருப்பித் தந்தார். மூன்றாவது ஆளோ ரிப்பேரே வேண்டாம், இருக்கிற மாதிரியே தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் உள்ளே இருக்கிற டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டது. தனியார் பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே டிக்கெட் கிழித்துவிட்டு வந்தாலும் வீட்டில் வாயே திறக்காத மனுஷன், இந்த லேப்டாப் விஷயத்தில் மட்டும் தினமும் கத்தியது.

"வித்துத் தொல. எம்புட்டு குடுத்தாலும் சரி."

"அதுக்குள்ள அண்ணி எழுதுன மனு அம்புட்டும் இருக்குண்ணே."

"அந்த மனுதான் அவளக் கொன்னுச்சு! நாலு நாளு காய்ச்சலோட அதக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

 பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். "வீட்டுக்குப் போங்க அண்ணி" என்றேன். "இந்த ஒண்ணை முடிச்சுட்டுப் போறேன் கண்ணு" என்றீர்கள். கையைப் பிடித்து எழுப்பியிருக்கலாம். எனக்கு டைப்பிங் தெரிந்திருந்தால் நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

சரி, போகட்டும் என்று விற்கச் சம்மதித்துவிட்டேன். வாங்குகிற ஆள் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கே வந்தார். அவர் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சித்தையன்கோட்டையிலிருந்து ரஹ்மத் அக்கா வந்து நின்றது. கிணற்று வேலையில் புருஷனைப் பறிகொடுத்தது என்று சொல்வீர்களே, அந்த அக்கா. பென்ஷனுக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த மனுவின் நகலைத் தாலுகா ஆபீஸில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் இருந்த நகல் ஐப்பசி மழையில் வீடு ஒழுகியபோது கூழாகிவிட்டது.

"இன்னொரு தரம் எல்லாத்தையும் சொல்லுங்கக்கா, புதுசா எழுதித் தர்றேன்" என்றேன்.

ரஹ்மத் அக்கா தலையை ஆட்டியது. "இல்ல தாயி. அவுக கெணத்துல விழுந்தத ஒரு தரம்தான் ஒங்க அண்ணிக்கிட்ட முழுசாச் சொன்னேன். அதுக்கே ரெண்டு நாளு சோறு எறங்கல. மறுக்காச் சொல்ல ஏலாது. அந்தப் புள்ள எழுதுனதுதான் வேணும்."

வாங்க வந்தவர் லேப்டாப்பைப் பையில் வைக்கப் போனார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "விக்கலங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்ககிட்ட வியாபாரம் பேச வந்தேன் பாருங்க" என்று முனகிக்கொண்டே படி இறங்கினார். போகட்டும்.

கொடைரோட்டில் விமலா என்று ஒருவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார் என்று பேப்பர் கடைக்காரர் சொன்னார். அங்கே போனேன். என் வயதுதான் இருக்கும், பாலிடெக்னிக் படித்தவர். சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் மேஜை போட்டிருந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி வரிசையாக வைத்தார். உள்ளே சர்க்கரை பாகாகக் காய்ந்து, பச்சை பூத்து, அதில் எறும்புகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. பல் விளக்குகிற பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"ஓட வச்சிரலாம்ங்க. ஆனா எம்புட்டு நாளுன்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் ஓடலாம், ஆறு நாள்லயும் நிக்கலாம். நீங்க இதுல எதுக்கு இம்புட்டு அலையிறீங்க?"

சொன்னேன். மனுக்களைப் பற்றி, ரஹ்மத் அக்காவைப் பற்றி, உங்களைப் பற்றியும்.

"அப்ப ஒங்களுக்கு வேண்டியது லேப்டாப்பே இல்லங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்து கையகலத் தகடு ஒன்றை உருவிக் காட்டினார். "இந்த டிஸ்க்குல சோடா படல. இத ஒரு டப்பாவுல போட்டு வயர் தாரேன், கடைக் கம்ப்யூட்டர்ல சொருகிக்கங்க. மிச்சத்த உதிரிபாகத்துக்கு நானே எடுத்துக்கிறேன். நனைஞ்ச மிஷின்னு தெரிஞ்சே எடுக்குறேன், யாரையும் ஏமாத்துன மாதிரி இருக்காது."

மூன்று மாதம் மூன்று பேரிடம் அலைந்ததற்கு, ஒருவர் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. டிஸ்க்கைச் சொருகித் திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் மனு. ஒன்றுக்காவது ஆள் பேர் வைத்திருக்கிறீர்களா? எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், 'பச்சை சேலை', 'மூக்குப்பொடி தாத்தா', 'ரெண்டு தரம் அழுதவங்க', 'சில்லறை கேட்டவர்'. என்ன அண்ணி இது? இதில் ரஹ்மத் அக்காவை நான் எங்கே போய்த் தேடுவேன்? ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். மூன்று நாளில் அறுபதுகூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் எனக்குக் கடைக்கே சோறு கொண்டுவந்தது. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூக்குவாளியை வைத்துவிட்டுப் போயிருக்கும். நான்தான் வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன்.

"சில்லறை கேட்டவராம். இவரு யாரு, எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் வாசலில் நின்றது. "அது நிலக்கோட்டை வாத்தியாரு" என்றது. "அவ ராத்திரிச் சோறு போடுறப்ப சொல்லியிருக்கா."

உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. நான் பெயரைப் படிக்கப் படிக்க, அண்ணன் ஆளைச் சொல்லிக்கொண்டே வந்தது. பாதிக்கு மேல் அதற்குத் தெரிந்திருந்தது. தினமும் இவ்வளவையும் அதனிடம் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் இத்தனையையும் கேட்டிருக்கிறது! உம் கொட்டாமல் சாப்பிடுகிற மனுஷன் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?

'குடைக்காரம்மா' என்று படித்தேன்.

"அதுதான் ரஹ்மத்து. குடைய என் வண்டியில விட்டுட்டு எறங்கிருச்சு. இவதான் எடுத்துவச்சுக் குடுத்தா. திற, திற."

அதேதான். இரண்டு பக்கம். ரஹ்மத் அக்கா சொன்னதை ஒரு சொல்கூட அலங்கரிக்காமல் எழுதியிருந்தீர்கள். 

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தேதி வரிசையில் எல்லாவற்றிலும் கடைசி எது என்று பார்க்க எனக்குத் தோன்றியது. அந்தச் சனிக்கிழமை. மறுநாள் பூசையில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். அதன்பிறகு கண் திறக்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை காய்ச்சலோடு யாருக்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்று அண்ணனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. திறந்தேன்.

'உயர்திரு முதலாளி அவர்களுக்கு, என் மனைவிக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல் குறையாததால், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வரும் திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அண்ணன் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அண்ணன் அதை மூன்று தடவை படித்தது. பிறகு என்னிடம் இல்லாமல், அந்த ஸ்கிரீனைப் பார்த்து, "லெட்டரு எதுக்குடி? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டிய விட்டு எறங்கியிருப்பேனே" என்றது. நீங்கள் போன அன்றுகூட அழாத மனுஷன், ஜெராக்ஸ் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை, அண்ணி. கோபம்தான். இன்னும் போகவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மனு எழுதினீர்கள். உங்களுக்கென்று எழுதியது ஒன்றே ஒன்று. அதையும் பிரிண்ட் எடுக்கவில்லை. பக்கத்தில்தானே இருந்தேன்? ஒரு நாள் லீவுக்கு எதற்குப் பணிவு? எதற்குத் திங்கட்கிழமை? எங்களிடம் கேட்பதற்கு என்ன பயம்? இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பது?

ரஹ்மத் அக்காவுக்கு மனுவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் பென்ஷன் உத்தரவு வந்துவிட்டது என்று அக்கா கடை வாசலில் நின்று சொன்னது. உட்காரச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டது. அண்ணன் இப்போது ஞாயிறுதோறும் கடைக்கு வருகிறது. மனுவைத் திட்டுவதில்லை. அந்த லீவு லெட்டரை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன், "இருக்கட்டும்" என்றது. நான் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தப்பாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் திங்கட்கிழமைவரை காத்திருக்கமாட்டேன். வேலை பாதியில் நின்றால் நிற்கட்டும். வரமாட்டேன் என்றாலும் விடமாட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டிய மாதிரி.

இன்னும் கோபம் தீராத உங்கள் நாத்தனார்,
அமலா